சீல் வைத்த மெத்தையில் ஐயாயிரம் தாண்டல்கள்

சூழலுக்குக் கேடில்லாத விளையாட்டுக் கருவிகளை வடிவமைக்கும் இளைஞர்களைக் கண்டெடுத்து அங்கீகரிப்பதற்கென்றே திருவனந்தபுரத்தில் ஓர் அரசு மையம் இருக்கிறது. சாஸ்தமங்கலத்தில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் நான்கு கருத்தரங்குகள், ஒரு சின்னம், ஒரு மையப்பாடல், வெளிநாட்டுக்கு இரண்டு ஆய்வுப் பயணங்கள் எல்லாம் நடந்து முடிந்திருந்தன. அங்கீகரிக்க இளைஞர்தான் அகப்படவில்லை. வயது வரம்பு இருபத்தைந்து. விண்ணப்பப் படிவம் நாற்பத்திரண்டு பக்கம். நிரப்பத் தொடங்கிய இருவருக்கு முடிப்பதற்குள் இருபத்தாறு வயதாகிவிட்டதாக ஆண்டறிக்கை வருத்தத்துடன் குறிப்பிடுகிறது.

உச்சிமாகாளிக்கு இருபத்துமூன்று வயது. ஆரியசாலையில் ஒரு சோபா தைக்கும் கடையில் வேலை. அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கரமனையில். மையத்தைப் பற்றி அவன் கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்துப் பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை எலிசாள், ஒரு நாள் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி, கிழிந்த பழைய ஸ்பாஞ்சு மெத்தை ஒன்றை இறக்கியதில்தான் எல்லாம் தொடங்கியது.

"இதத் தச்சுத் தருவியா மக்கா? எனக்க பிள்ளைகளுக்கு ஹைஜம்ப் சாடி விழுறதுக்கு வேற ஒண்ணும் இல்ல."

மாகாளி பிரித்துப் பார்த்தான். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. ஸ்பாஞ்சு தொட்டால் மாவாக உதிர்ந்தது.

"டீச்சரே, இதுல விழுறதும் தரையில விழுறதும் ஒண்ணுதான்."

"இப்பமும் பிள்ளைக தரையிலதான்டே விழுதுவ, மண்ணுல. அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன்."

இரண்டு வாரம் கழித்து அவன் ஒரு மெத்தை செய்து கொடுத்தான். விழிஞ்ஞத்தில் கிழிந்தவை என்று ஒதுக்கிப் போட்டிருந்த நைலான் வலைகளைத் தளர்வாகச் சுருட்டிக் கட்டுக்கட்டாக அடியில் அடுக்கினான். மேலே தேங்காய் நாரான தும்பு. போர்வைக்கு, தேர்தல் முடிந்து கழற்றிய ஃபிளெக்ஸ் தட்டிகள், முகங்கள் உள்பக்கம் போகும்படி. விழும்போது காற்று வெளியேறப் பக்கவாட்டில் ஓட்டைகள். சோபாவுக்குச் செய்வதைத்தான் கொஞ்சம் பெரிதாகச் செய்ததாக அவன் நினைத்தான்.

ஆனால் அந்த மெத்தை வந்த பிறகுதான் அங்கிருந்த ஆறு பெண்கள் முதல் முறையாக முதுகு கீழே வரும்படி தாண்டக் கற்றார்கள். மணலில் அப்படித் தாண்ட முடியாது. காலை முன்னால் வீசித் தாண்டிக் காலிலேயே இறங்க வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் சுமி காலை வீசித் தாண்டியபோது எட்டிய உயரம் ஒரு மீட்டர் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். மெத்தையில் ஆறு வாரம் பழகியதும் ஒன்று நாற்பத்தேழு. இன்னும் ஐந்து சென்டிமீட்டர் போனால் மாவட்டப் போட்டியில் முதல் மூன்றுக்குள் வரலாம் என்று எலிசாள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். போட்டி நவம்பர் பன்னிரண்டு.

இடையில் தலைமையாசிரியை சாவித்ரிக்கு ஒரு கவலை வந்தது. யாராவது விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால், இந்த மெத்தைக்கு எந்த அரசுச் சான்றிதழ் இருக்கிறது என்று கேட்பார்களே. மணலுக்கும் சான்றிதழ் கிடையாதே என்று எலிசாள் சொன்னார். மணல் கல்வித்துறையுடையது, அதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்றார் சாவித்ரி. அப்படித்தான், ஒரு சான்றிதழுக்காக, எலிசாள் உட்கார்ந்து சாஸ்தமங்கலம் மையத்தின் நாற்பத்திரண்டு பக்கத்தையும் நிரப்பினார். மாகாளி சொன்ன இடங்களில் கையெழுத்திட்டான்.

மையம் மகிழ்ச்சியில் திக்குமுக்காடியது. செப்டம்பர் முதல் வாரத்தில், திட்ட அலுவலர் ஷிபு நேரில் வந்தார். பாறசாலைக்காரர், நல்ல மனிதர். காரிலிருந்து இறங்கியதும் அவர் கண்டது, சுமி முதுகு வளைந்து குறுக்குக் கழிக்கு மேலே போய் மெத்தையில் விழுவதை. அவர் முகம் சுருங்கியது.

"இது என்னது, உபயோகத்துல இருக்குதா?"

"தினமும் சாரே. காலைல ஒரு மணிக்கூர், சாயங்காலம் ஒரு மணிக்கூர்," என்றான் மாகாளி பெருமையாக.

"அய்யோ. அப்ப கொழப்பமாச்சே." ஷிபு பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். "ஏழாம் விதி. அங்கீகாரத்துக்கு வரும் கருவி புதியதாக இருக்க வேண்டும். புதியதுன்னா யாரும் தொடாதது. தொட்டா அது பழசு, கேட்டோ. பழசுக்கு எப்படிப் புதுமை அவார்டு கொடுக்கியது?"

"நல்லாயிருக்கான்னு தெரியணும்னா விழுந்து பாக்கணும்லா சாரே?"

"அது பயனாளியோட பார்வை. நான் சொல்லுறது மையத்தோட பார்வை."

கொஞ்ச நேரம் யோசித்து ஷிபு ஒரு வழி கண்டார். இதுவரை நடந்ததைத் தான் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வார். இனி நடக்காமல் இருக்க சீல் வைத்துவிடுவார். விழா முடிந்ததும் சீலை எடுத்துச் சான்றிதழோடு திருப்பித் தருவார்கள். விழா எப்போது என்று எலிசாள் கேட்டார். சீக்கிரமே, என்றார் ஷிபு.

மெத்தையைச் சுற்றி நான்கு பக்கமும் வெள்ளைத் துணிப்பட்டை கட்டினார்கள். முடிச்சுகளில் அரக்கை உருக்கி ஊற்றிப் பித்தளை முத்திரையை அழுத்தினார்கள். மணல் குழிக்கு வடக்கே ஆறடி தூரத்தில் கிடக்கிறது என்று அரசுப் பதிவாக மகஜர் எழுதியதால் அதை நகர்த்தவும் கூடாது. மழைக்கு ஒரு தார்ப்பாய் மட்டும் அனுமதித்தார்கள்.

மறுநாளிலிருந்து பெண்கள் மெத்தைக்கு ஆறடி தள்ளி மணலில் தாண்டினார்கள்.

"மாகாளியண்ணா, இது நமக்கு மெத்தையா, இல்ல கோயில் உண்டியலா?" என்று சுமி கேட்டாள்.

"கொஞ்ச நாள் பிள்ளே. சர்ட்டிபிக்கேட் வந்துட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"பன்னெண்டாம் தேதிக்கு முன்னாடி வருமா?"

அவன் ஷிபு சொன்னதையே சொன்னான்.

பத்து நாள் கழித்து மையத்திலிருந்து அழைப்பு வந்தது. குளிர்பதன அறையில் நீள மேஜைக்கு அந்தப்பக்கம் ஐந்து நிபுணர்கள். உயரம் தாண்டுதலை நேரில் பார்த்தவர் அவர்களில் எவருமில்லை. ஒருவர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். அவர்தான் குழுவின் தொழில்நுட்ப உறுப்பினர்.

"உங்கள் வடிவமைப்புத் தத்துவம் என்ன?" என்று ஒரு அம்மையார் கேட்டார்.

மாகாளிக்குப் புரியவில்லை. "பழைய ஸ்பாஞ்சு நைஞ்சு போச்சு மேடம். அதான்."

அம்மையார் அதை எழுதிக்கொண்டார். பொருட்களின் நிலையாமை குறித்த ஆழ்ந்த பிரக்ஞை, என்று பின்னர் அறிக்கையில் வந்தது.

இன்னொருவர் மெத்தை நூற்றெண்பது நாளில் மக்கிவிடுமா என்று கேட்டார். மக்காது, நாலைந்து வருஷம் தாங்கும் என்று மாகாளி சொன்னான். அவர் வருத்தத்துடன் தலையசைத்தார். அடுத்தவர் ஐந்து வருடம் தாங்குமா என்று கேட்டார். மாகாளி தாங்கும் என்றான். அவர் முந்தையவரைப் பார்த்தார். இருவரும் தனித்தனித் தாளில் மதிப்பெண் போட்டார்கள்.

வெளியே வந்ததும் ஷிபு தோளில் தட்டினார். எல்லாம் நன்றாகப் போனதாம். ஒன்றே ஒன்றுதான் பாக்கி: பதினோராம் விதி. கருவி குறைந்தது ஐயாயிரம் முறை பயன்படுத்தப்பட்டுப் பாதுகாப்பானது என்று பதிவேட்டால் நிரூபிக்கப்பட வேண்டும்.

மாகாளி நின்றுவிட்டான். "சாரே, நீங்கதான தொடக்கூடாதுன்னு சீல் வச்சீங்க?"

"ஆமா. அது ஏழாம் விதி."

"அப்ப எப்படி ஐயாயிரம் தடவை?"

"அது பதினொண்ணாம் விதி." ஷிபு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் ஒரே கமிட்டி, ஒரே நாளு உண்டாக்கினது. ஏழாவது சாப்பாட்டுக்கு முன்னாடி, பதினொண்ணாவது சாப்பாட்டுக்குப் பின்னாடி. நீ பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்ல. பதிவேடு தானே கேட்டிருக்கு. சாடணும்னு எங்கயும் எழுதல்லியே."

மையமே பதிவேட்டை அச்சடித்துக் கொடுத்தது. தேதி, தாண்டியவர் பெயர், உயரம், எடை, முதலில் மெத்தையைத் தொட்ட உடற்பகுதி, குறிப்பு. குறிப்பில் திருப்தி என்று மட்டும் எழுத வேண்டும். எலிசாள் அதைத் தொட மறுத்துவிட்டார். "பொய்யெழுத்து எழுதுறதுக்கு எனக்குக் கை வராது. ஞாயிற்றுக்கிழமை சபையில போய் நிக்கியவ நான்." பிறகு மெத்தைப் பக்கம் பார்த்து, "நீ எழுதுனா நான் பாக்க மாட்டேன், அவ்வளவுதான்," என்றார்.

கடையில் வேலையில்லாத நேரங்களில் மாகாளி எழுதினான். ஆறு பெண்கள், ஐயாயிரம் தாண்டல்கள். முதலில் ஆளுக்குச் சமமாகப் பிரித்தான். அது நியாயமில்லை என்று தோன்றவே, நன்றாகத் தாண்டும் சுமிக்கு ஆயிரத்து நூற்று நாற்பது கொடுத்தான். ஜிஜிக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருந்ததால் அவளுக்கு இரண்டு நாள் விடுமுறையும் கொடுத்தான். செப்டம்பர் முப்பதுக்குள் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். செப்டம்பரில் அத்தனை தாண்டல்களுக்கு நாட்கள் போதவில்லை. ஆகவே அக்டோபர் பதினைந்து வரை எழுதி, செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தான். மையத்தில் மூன்று பேர் சரிபார்த்து மூன்று கையெழுத்திட்டார்கள்.

அக்டோபர் ஏழாம் தேதி காலை சுமி மணலில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

கழி ஒன்று முப்பத்தைந்தில்தான் இருந்தது. அவள் எப்போதும் தாண்டும் உயரம். பழைய மாதிரியே காலை வீசித்தான் தாண்டப் போனாள். ஆனால் மேலே எழுந்ததும் முதுகு தானாகத் திரும்பிவிட்டது.

"நான் திருப்பல அண்ணா," என்றாள், மருத்துவமனை வராந்தாவில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. "தானாத் திரும்பிடுச்சு. மெத்தை பக்கத்துலதான கெடக்குதுன்னு உடம்பு நெனச்சிருச்சு போல."

 மாகாளி, பதிவேட்டில் ஏழாம் தேதிக்கு எதிரே அவளுக்கு எத்தனை போட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு. திருப்தி.

விஷயம் நாலு நாளில் மையத்தை எட்டியது. ஷிபு வியர்க்க வியர்க்கக் கடைக்கு வந்தார். சுமியின் கை உடைந்தது பற்றி அவர் மெய்யாகவே வருந்தினார். அதைவிடப் பெரிய பிரச்சினை இருந்தது. பதிவேட்டின்படி கை உடைந்ததற்கு மறுநாளிலிருந்து பதினைந்தாம் தேதி வரை சுமி இன்னும் இருநூற்றுத் தொண்ணூறு முறை தாண்டியிருக்கிறாள்.

மையத்தின் தலைவர் விசாரணைக்குக் கூப்பிட்டார். பதினெட்டாம் தேதி மாகாளியும் எலிசாளும் சுமியும் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். தலைவர் மலையாளத்தில் பேசினார். மேடையில் பேசிப் பழகியவர் என்பதால் மூன்று பேருக்கும் ஒரு கூட்டத்துக்குப் பேசுவதைப் போலவே பேசினார்.

"ஒரு சிறுமியின் கை உடைந்திருக்கிறது. அது வேதனைக்குரியது. ஆனால் உணர்ச்சிவசப்படாமல் பார்க்க வேண்டும். கை என்பது தனிப்பட்ட விஷயம். பதிவேடு என்பது அரசு ஆவணம். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? கை இன்று உடையும், ஆறு வாரத்தில் சேரும். ஆவணத்தில் ஒரு விரிசல் விழுந்தால் சேர்க்கவே முடியாது."

"சாரே," என்றான் மாகாளி. "அதுல ஒண்ணுமே நெசம் இல்ல. மெத்தை சீல் வச்சபடி கெடக்கு. பிள்ளைக மண்ணுலதான் குதிச்சாங்க. நான் கடையில உக்காந்து எழுதினேன்."

அறையில் யாரும் அதிரவில்லை. தலைவர் கனிவுடன் சிரித்தார்.

"இளைஞர்களிடம் எனக்குப் பிடித்தது இந்த அடக்கம்தான். தன் உழைப்பைத் தானே குறைத்துச் சொல்கிறார், பாருங்கள். தம்பி, மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்ட பிறகு அது உங்களுடைய பதிவேடு அல்ல. உங்களுக்கு அதை மறுக்கும் உரிமை இல்லை."

எலிசாள் எழுந்தார். "அப்ப எனக்க பிள்ள இந்தக் கட்டோட இருநூத்துத் தொண்ணூறு தடவ சாடினாள்னா சொல்லுறீங்க?"

தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். ஜன்னல் பக்கம் பார்த்தார். ஷிபுவைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"டீச்சர், நீங்கள் சொன்னதை யோசித்தீர்களா? கட்டுப்போட்ட கையுடன் ஒரு வீராங்கனை இருநூற்றுத் தொண்ணூறு முறை தாண்டியிருக்கிறார். ஒரு முறைகூட அடிபடவில்லை. குறிப்பு, திருப்தி. உலகத்தில் எந்த மெத்தைக்கு இந்தத் தகுதி இருக்கிறது? நாங்கள் இதுவரை இதைச் சாதாரண மெத்தை என்று நினைத்திருந்தோம். ஷிபு, பாராட்டுரையை மாற்றி எழுதுங்கள். காயமுற்றோருக்கும் உகந்த, முழுமையான பாதுகாப்புள்ள, நாட்டின் முதல்... முதல்தானே? சரி, முதல் என்றே போடுங்கள்."

ஷிபு பத்தே நிமிடத்தில் ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வந்தார். காயத்துக்குப் பிறகும் மேற்படி மெத்தையில் இருநூற்றுத் தொண்ணூறு முறை தாண்டினேன், எந்தச் சிரமமும் ஏற்படவில்லை. கீழே சுமியின் பெயர்.

"இதப் போட்டா?" என்று சுமி கேட்டாள்.

"எல்லாத் தடையும் நீங்கும் மோளே," என்றார் ஷிபு. "மெத்தை உங்க ஸ்கூலுக்கு. சர்ட்டிபிக்கேட்டும்."

"போடாதே," என்றார் எலிசாள்.

சுமி தாளை ஒரு முறை முழுக்கப் படித்தாள். "நான் எப்படியும் இந்த வருஷம் சாட முடியாது டீச்சர். ஜிஜிக்கு முடியும். மத்த நாலு பேருக்கும் முடியும்." இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகக் கோணல்மாணலாகக் கையெழுத்திட்டாள். முடிக்க வெகுநேரமாயிற்று. தலைவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"அப்ப இன்னைக்கு சீலை எடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"விழாவில் எடுப்போம். அதுதான் விழாவின் சிறப்பே. அமைச்சர் கத்தரிக்கோலால் பட்டையை வெட்டுவார். தேதிகூட உறுதியாகிவிட்டது. நவம்பர் இருபத்துநாலு."

"போட்டி பன்னெண்டாம் தேதி," என்றார் எலிசாள்.

"மாவட்டப் போட்டி ஆண்டுதோறும் வரும் டீச்சர்," என்றார் தலைவர். "அமைச்சரின் தேதி அப்படியல்ல."

 பஸ்ஸில் திரும்பி ஆரியசாலையில் இறங்கியதும் மாகாளி கடைக்குப் போய், ரெக்சின் வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தான். நான்கு மணி. பெண்கள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவன் தார்ப்பாயை இழுத்துப் போட்டான்.

"மக்கா, யோசிச்சுதான் செய்யுதியா?" என்றார் எலிசாள். "வெட்டினா அவார்டும் போச்சு, சர்ட்டிபிக்கேட்டும் போச்சு."

"கேஸ் போடுவாங்களா டீச்சரே?"

"போடுவாவளா இருக்கும்."

அவன் முதல் பட்டையை வெட்டினான். அரக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. நாலாவதை வெட்டும்போது தலைமையாசிரியை சாவித்ரி தன் அறை ஜன்னலுக்கு வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளே போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஆறு வாரம் கிடந்ததில் மெத்தை ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. மாகாளி முழங்காலிட்டு உட்கார்ந்து, தும்பைத் தட்டித்தட்டிச் சமப்படுத்தினான். ஐந்து பெண்களும் சேர்ந்து அதை மணல் குழிமேல் இழுத்து வைத்தார்கள். கழியை ஒன்று இருபதில் வைத்தார் எலிசாள். ஜிஜி ஓடி வந்தாள், பாதியில் நின்றாள், திரும்பிப் போனாள்.

"என்னடி?" என்றாள் சுமி.

"மறந்து போச்சு சேச்சி. எந்தக் காலுன்னு தெரியல."

"இடது கால். ஓடிட்டே யோசிக்காதே. நான் எண்ணுறேன், நீ வா."

சுமி கழியின் ஒரு முனைப்பக்கம் நின்று எண்ணினாள். ஜிஜி வந்தாள், எழுந்தாள், திரும்பினாள். கழி அசைந்தது, விழவில்லை. மெத்தை ஓட்டைகள் வழியாகப் பெருமூச்சு விட்டது.

மாகாளியின் ஃபோன் ஒலித்தது. ஷிபு.

"மாகாளீ, சந்தோஷ வார்த்தை. அழைப்பிதழ் அச்சுக்குப் போகுது. அமைச்சர் ஆபீஸுல ஒரு ஃபோட்டோ கேக்குறாங்க. கைக்கட்டோட அந்தப் பெண்குட்டி, மெத்தை மேல சாடி, அந்தரத்துல நிக்கணும். பின்னாடி நாலு சீலும் பொட்டாம, உடையாம தெளிவாத் தெரியணும், கேட்டோ. நாளைக் காலைல பத்து மணிக்குள்ள அனுப்பணும்."

"சரி சாரே," என்றான் மாகாளி. ஃபோனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"யாரு?" என்று சுமி கேட்டாள்.

"ஒரு சோபாக்காரர்."

அவன் போய்க் கழியின் மறுமுனையைப் பிடித்தான். எலிசாள் அதை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தார்.